கோவை – திப்ருகர்: தூரம் கூடவில்லை, நேரம் ஏன் கூடுகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வால்பாறை எஸ்டேட்டுகளிலும் வேலை பார்க்கும் அஸ்ஸாம்காரர்கள் பலருக்கு ஊர் போக விவேக் எக்ஸ்பிரஸ்தான் துணை. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாட்டிலேயே மிக நீண்ட ரயில் தடம் இதுதான். கோவையில் ஏறினால் திப்ருகர் போய்ச்சேர இரண்டரை நாளுக்குக் குறையாது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால் அவ்வளவு நேரம் தாங்காது. விமானத்தைப் பார்ப்பார்கள், டிக்கெட்டில் ஒன்பது மணி நேரம், பதினொரு மணி நேரம் என்று இருக்கும். வானத்திலும் அவ்வளவு தூரமா?

இல்லை. பள்ளிக்கூடப் பூகோள உருண்டையில் கோவையையும் திப்ருகரையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நெல்லூர்ப் பக்கம் கரையை விட்டு வங்கக்கடலில் இறங்கும். பாதி வழியில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு எதிரே கடல்மேல் இருக்கும். பிறகு டாக்கா அருகே வங்கதேசத்தைக் கடந்து அஸ்ஸாமுக்குள் நுழையும். நீளம் சுமார் 2,620 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட் விமானம் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து மூன்றே முக்கால் மணியில் இதை முடித்துவிடும். ஆனால் நேரடி விமானம் கிடையாது. சிறிய ஏடிஆர் விமானத்துக்கு இத்தனை தூரம் ஒரே மூச்சில் எட்டாது; பெரிய விமானத்தைத் தினமும் நிரப்ப இந்த இரண்டு ஊர்க் கூட்டம் போதாது.

வேடிக்கை என்னவென்றால், சென்னை, கொல்கத்தா இரண்டும் கிட்டத்தட்ட அந்த நூல் போகும் வழியிலேயே இருக்கின்றன. கோவை–சென்னை 400, சென்னை–கொல்கத்தா 1,390, கொல்கத்தா–திப்ருகர் 850 என்று கூட்டினால் 2,640 கி.மீ. வருகிறது. மாறி மாறிப் போனாலும் கூடுதல் தூரம் வெறும் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் மூன்று தடவை ஏறி இறங்குவதில் பறக்கும் நேரமே ஐந்து மணியாகிவிடும். மீதியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம். டெல்லி வழியாகப் போனால் தூரமே 3,700 கி.மீ. ஆகிவிடும். ஆனாலும் ஒரே இடத்தில் மாறினால் போதும் என்பதால், சில நாள் அதுவே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று டெல்லி–திப்ருகர் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. தீர்க்கரேகையில் 18 பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 72 நிமிடம். டிசம்பரில் திப்ருகரில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கு இறங்கினால் ஊருக்கு இருட்டில்தான் போக வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை இடத்தில் மாறுகிறோம், நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று பாருங்கள். எல்லாப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடச் சொல்லுங்கள். தனித்தனி டிக்கெட்டானால் நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அந்த டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான்.