கொப்பிக் கணக்கும் உண்மைக் கணக்கும்

ஆண்டின் முதல் வாரத்திலே புதுக் கொப்பியொன்றை வாங்கி, அதன் முதற் பக்கத்தில் 'இவ்வாண்டு நான் செய்து முடிக்க வேண்டியவை' என்று தலைப்பிட்டு எழுதாத ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்? எழுதுவது எளிது. ஆண்டிறுதியில் அப்பக்கத்தைத் திறந்து, 'முன்னேறியிருக்கின்றேனா, அல்லது முன்னேறியதாக எண்ணிக்கொண்டிருக்கின்றேனா?' என்று தம்மைத் தாமே வினவுவதுதான் கடினம். உடலின் பாரத்தைக் குறைக்க விரும்புபவனுக்குத் தராசு உண்டு. கடனைத் தீர்க்க விரும்புபவனுக்கு வங்கிக் கணக்கு உண்டு. நல்லாசிரியனாக வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும், ஒரு மொழியைக் கற்க வேண்டும் என்று விரும்புபவனுக்குத் தராசு யாது?

இவ்வினா எனக்கு ஏட்டைப் படிக்கையில் எழுந்ததன்று. ஒரு மரண வீட்டின் முற்றத்திலே எழுந்தது. அதனைக் கூறுமுன் என் கொப்பிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

2011ஆம் ஆண்டில் உத்தியோக நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குச் சென்றேன். அப்போது எனக்கு வயது 49. சிங்களத்தைக் கற்றே தீருவது என்று அங்கே உறுதி பூண்டேன். இதற்கு எங்கள் வீட்டு வரலாறும் ஒரு காரணம். என் தந்தையார் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், தமிழ் உத்தியோகத்தரின் சம்பள உயர்வு சிங்களப் பரீட்சையோடு பிணைக்கப்பட்டது. தந்தையார் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார், உயர்வு நின்றது. ஆதலின் எங்கள் வீட்டில் அம்மொழி ஒரு மொழியாக இருக்கவில்லை. ஒரு மனக்கசப்பாகவே இருந்தது. எவரும் கட்டாயப்படுத்தாமல், என் விருப்பத்தோடு அதனைக் கற்று, மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட 'கம்பெரலிய' நாவலை மூலத்திலேயே படித்துவிட்டால் அக்கசப்பு ஒருவாறு தீரும் என்று எண்ணினேன். எண்ணம் நல்லதே. அதனை அளந்த முறையிலேதான் பிழை நேர்ந்தது.

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் என்று விதி வகுத்துக்கொண்டேன். சொல், பொருள், ஓர் உதாரணம். மறுநாள் நினைவிருந்தாற் சிவப்பு மையால் ஓர் அடையாளம். ஞாயிறு தோறும் கூட்டிப் பார்ப்பேன். இரண்டு ஆண்டுகளில் ஆறு கொப்பிகள் நிறைந்தன. சொற்கள் 3,200ஐக் கடந்தன. அரச உத்தியோகத்தருக்குரிய சிங்களப் பரீட்சையொன்றின் எழுத்துத் தாளிலும் நல்ல புள்ளிகள் கிடைத்தன. அந்த ஆறு கொப்பிகளையும் மேசையின்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வருவோர் கண்ணிற் படவேண்டும் என்பது என் உள்நோக்கம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அடுத்த வீட்டில் வசித்தவர் இளைப்பாறிய புகையிரத உத்தியோகத்தர். மாத்தறைப் பக்கத்திற் பிறந்து, மலைநாட்டுப் பாதையிலே நெடுங்காலம் வேலை செய்து, பாதை முடியும் பதுளையிலேயே தங்கிவிட்டவர். காலையில் வேலியோரம் கண்டால் இரண்டு வார்த்தை பேசுவோம். மழை, பஸ், தேங்காய் விலை, இவற்றைக் கடந்ததில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மனைவியார் காலமானார். வீதியில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். நான் உள்ளே சென்றதும் அவர் எழுந்து வந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கினார். கால் மணி நேரம் இருக்கலாம். அவர் கூறியவற்றிற் பத்தில் ஒரு பங்கும் எனக்கு விளங்கவில்லை. 'ஆஸ்பத்திரி' என்பது விளங்கிற்று. 'அக்கா' என்பது விளங்கிற்று. இரண்டும் தமிழிலும் வழங்குபவை! பேசி முடிந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கொப்பியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் கூறினேன்: 'மம பெஹெவின் கனகாட்டு வெமி.'

இலக்கணப் பிழை அதில் இல்லை. ஆனால் அது எழுத்துச் சிங்களம். பத்திரிகையின் அனுதாபச் செய்தியில் வருவது. சாவீட்டிலே கண்ணீரோடு நிற்பவரின் முன், ஒருவர் வந்து 'யான் பெரிதும் வருந்துகின்றேன்' என்று கூறினால் நமக்கு எவ்வாறிருக்கும்? 'மட்ட ஹரி துக்கய்' என்ற மூன்று சொற்கள் போதுமானவை. அவை என் 3,200 சொற்களுள் இருந்தன, நாவிற்கு வரவில்லை. அவர் என் நிலையை உணர்ந்துகொண்டார். பாதையோரத் தோட்டங்களில் எப்போதோ கேட்டிருந்த தமிழைத் தேடியெடுத்து, 'நோனா நல்லம் மாஸ்டர்... நேத்து காலை... முடியல' என்றார். மனைவியை இழந்த அன்றைக்கு, என் இயலாமைக்காக அவர் வேற்று மொழி தேடினார்.

அன்றிரவு ஆறு கொப்பிகளையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நிற்க. அந்நாட்களிலேதான் பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதையை மறுமுறை படிக்க நேர்ந்தது. 1706இல் பொஸ்டன் நகரிற் பிறந்து, அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, அமெரிக்க நாட்டின் தந்தையருள் ஒருவராக உயர்ந்த இவரின் பதின்மூன்று நற்குணப் பட்டியல் பலரும் அறிந்தது. சிறிய புத்தகமொன்றில் குணத்துக்கு ஒரு பக்கமாக வகுத்து, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள் சிவப்பு மையாற் கீறி, தவறிய இடந்தோறும் கரும்புள்ளி இடுவார். வாரத்துக்கு ஒரு குணத்திற் சிறப்பாகக் கவனம் வைப்பார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டமையால், பின்னர் தந்தத் தகடுகளிலே கோடிட்டு, பென்சிலாற் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்தாராம். (துடைத்தபின் சென்ற ஆண்டின் புள்ளிகளை எதனோடு ஒப்பிட்டார் என்று கேட்கத் தோன்றுகின்றது.) நாளடைவில் ஆண்டுக்கு ஒரு சுற்றாகி, பல ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகி, இறுதியில் முற்றாகவே நின்றுபோயிற்று என்பதையும் அவரே மறைக்காமல் எழுதியிருக்கின்றார்.

என் சிவப்பு அடையாளங்களுக்கு இவர் பாட்டனார் முறையினர் என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் அதே கதையில் வேறொரு செய்தியைக் கண்டேன். பட்டியலிலே தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டு குணங்களே. குவேக்கர் சமயத்து நண்பரொருவர் வந்து, 'நீர் செருக்குள்ளவர் என்று பலர் கருதுகின்றார்கள்' என்று சான்றுகளோடு எடுத்துரைத்த பின்னரே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. எத்தனை புள்ளிகள் இட்டாலும், பட்டியலில் இல்லாத குறையைப் பட்டியல் காட்டாது. அதனைக் காட்டுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

எனக்கு இதனினும் பெரிதாகப் பட்டது அவர் உரைநடை பழகிய முறை. தமையனாரின் அச்சகத்திலே தொழில் பயின்ற இளவயதில், அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதிகளுள் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. கட்டுரையொன்றைப் படித்து, வாக்கியந்தோறும் கருத்தை மாத்திரம் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாட்கள் அதனைத் தொடமாட்டார். பின்பு மூலத்தைப் பாராமல், குறிப்புகளைக் கொண்டே முழுக் கட்டுரையையும் தம் சொற்களில் எழுதுவார். பின்னர் மூலத்தோடு வைத்துப் பார்ப்பார். பிழை கண்ணெதிரே நிற்கும். சொல் வளம் போதாதென்று கண்டபோது, உரைநடைக் கதைகளைச் செய்யுளாக்கி, மூலம் மறந்தபின் மீண்டும் உரைநடையாக்கினார். ஒழுங்கு போதாதென்று கண்டபோது, குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரங்களின் பின் தாமே வரிசைப்படுத்தினார்.

இரு முறைகளுக்குமுள்ள வேற்றுமையை நோக்குங்கள். கரும்புள்ளியை இடுபவரும் அவரே, இடவேண்டுமா என்று தீர்ப்பவரும் அவரே. கட்டுரைப் பயிற்சியிலோ தீர்ப்பு வேறிடத்தில் இருந்தது. அடிசன் அவருக்காக இரக்கப்படமாட்டார். என் கொப்பியில் எழுதியவனும் நான், பரீட்சித்தவனும் நான், புள்ளியிட்டவனும் நான். பிழையென்று கூறும் உரிமை வேறெவருக்கும் இருக்கவில்லை.

எண்ணிக் கணக்கிடுவதே வீண் என்று நான் வாதிட வரவில்லை. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி துரொலப் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதி, வாரந்தோறும் பக்கக் கணக்கை நாட்குறிப்பிற் பதிந்தவர். தபாற் பகுதியில் முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே அத்தனை நாவல்களை முடிப்பதற்கு அக்கணக்கு உதவிற்று. அவர் சோம்பலை அளந்தார். நாவலின் தரத்தைக் கடிகாரம் சொல்லும் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானோ சோம்பலை அளக்கும் கருவியால் மொழியை அளந்துவிட்டேன்.

2014ஆம் ஆண்டின் முதற் போயா தினத்திலே வேலியைக் கடந்து சென்று, அவரிடம் என் விருப்பத்தைக் கூறினேன். உடன்பட்டார். ஒவ்வொரு போயா மாலையும் அவர் ஒரு புகையிரதக் கதை சொல்வார்; அடுத்த போயாவில் அதே கதையை நான் சிங்களத்தில் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடையில் வீட்டிலே 'கம்பெரலிய'விலிருந்து ஒரு பந்தி, பிராங்கிளின் செய்தவாறே: தமிழிற் குறிப்பு, மூன்று நாள் ஓய்வு, சிங்களத்தில் எழுத்து, மூலத்தோடு ஒப்பீடு.

முதல் மாதங்களின் அனுபவம் அவமானகரமானது. எழுத்தில் ஆளுக்கு ஆள் வினை மாறும். 'மம யமி', 'ஒஹு யயி', 'ஒவுஹு யதி'. பேச்சிலோ நானும் நீயும் அவர்களும் எல்லாரும் 'யனவா'தான். நான் வரிசையாக 'யமி' என்று சொல்லச் சொல்ல அவருடைய பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். உச்சரிப்போ இன்னும் மோசம். மலைக்கும் 'கந்த', மரத்தின் அடிக்கும் 'கந்த'; ஒன்றிலே முழு மூக்கொலி, மற்றதிலே பாதி மூக்கொலி. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றே. நமுனுகுல மலையிலே பனி மூடியிருந்தது என்று கூற எண்ணி, அடிமரத்திலே பனி மூடியிருந்தது என்று கூறியிருக்கின்றேன். 3,200 சொற்களை அறிந்தவனுக்கு இந்த ஒன்று தெரியவில்லை!

அவர் எத்தனை முறை இடைமறித்துத் திருத்துகின்றார் என்று எண்ணத் தொடங்கினேன். (பழைய நோய் எளிதில் விடுமா?) முதல் மாதம் நாற்பதுக்கு மேல், ஆறாம் மாதம் பத்துக்குள். மிக மகிழ்ந்தேன். ஒருநாள் அவர் மகள் தேநீர் கொண்டு வந்தபோது சிரித்துக்கொண்டே, 'மாஸ்டர் மனம் நோவார் என்று அப்பா இப்போது திருத்துவதில்லை' என்றாள். நான் முன்னேற்றமென்று குறித்துக்கொண்டது அவருடைய மரியாதை.

அன்று சற்றே மனம் தளர்ந்து, பேச்சு வேண்டாம், பத்திரிகைத் தலைப்பை வாசித்தாற் போதும் என்றுகூட எண்ணினேன். பிராங்கிளின் கூறும் கோடரிக்காரன் கதையும் இதுவே. கோடரி முழுவதும் பளபளக்க வேண்டுமென்று கேட்டவன், சாணைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் களைத்தபின், புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடித்தது என்றானாம்.

ஆயினும் போனேன். 2015ஆம் ஆண்டு ஒரு மாலை, பேச்சு எப்படியோ 1956க்குச் சென்றது. அப்போது அவர் பத்து வயதுப் பையன். கச்சேரியிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததாம். அவருடைய தந்தை ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு புறக்டரிடம் நடந்து, காசு கொடுத்து வாசிக்கச் செய்தாராம். 'அந்தச் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கதவு திறந்தது, மாஸ்டர்' என்றார். அக்கதவு எங்கள் வீட்டில் மூடிற்று என்றேன் நான். என் தந்தையாரின் நின்றுபோன சம்பள உயர்வைப் பற்றிச் சொன்னேன்; அவர் தம் தாய்மொழியிலே கடிதம் எழுதிய காரியாலயத்தில் தாமே ஊமையாக இருந்ததைச் சொன்னேன். குரல் உயர்ந்தது, அவர் குரலும் உயர்ந்தது. வினை, வேற்றுமை, மூக்கொலி எல்லாவற்றிலும் நான் பிழை விட்டிருப்பேன். ஒன்றையும் அவர் திருத்தவில்லை. இம்முறை அது மரியாதையன்று. மறுத்துப் பேசுவதற்கே அவருக்கு நேரம் போதவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், ஒரு மணி நேரமாகச் சிங்களத்திற் சண்டையிட்டிருக்கின்றேன் என்பது நினைவிற்கு வந்தது. அடுத்த நாட் காலையில் அவர் வேலியோரம் வந்து, 'உங்கள் அப்பா கடைசிவரை அந்தப் பரீட்சை எழுதவில்லையா?' என்று கேட்டார். இல்லை என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

2017இல் யாழ்ப்பாணம் திரும்பினேன். போயா தினங்களிற் தொலைபேசியில் பேசுகின்றோம். கையசைவும் முகக்குறியும் உதவாத இடம் அது. விளங்காதது விளங்காததாகவே நிற்கும். இப்போதும் அவர் விரைந்து பேசும்போது ஐந்தில் ஒன்றை நான் தவற விடுகின்றேன். 'கம்பெரலிய'வும் முடியவில்லை. அதை அவரிடம் சொன்னபோது, தாமும் அந்நூலை முழுவதும் படித்ததில்லை, படத்தை மாத்திரமே பார்த்ததாகச் சொல்லி, 'நீங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றார். சொல்லி வருகின்றேன். பியல், பெரிய வீட்டுக்கு வந்து நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் இடத்தைச் சென்ற தடவை சொல்லிக்கொண்டிருக்கையில் இடைமறித்து, 'எங்கள் தெற்குப் பக்கத்தில் அதை அப்படிச் சொல்லமாட்டோம்' என்று தொடங்கினார். எப்படிச் சொல்வார்கள் என்று கேட்பதற்குள் தொலைபேசியிற் காசு முடிந்துவிட்டது.