நாட்டை வலம் வரும் சாலை

சென்னையின் மேற்கு விளிம்பில், அம்பத்தூருக்கும் வானகரத்துக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே அமைந்த அயனம்பாக்கத்தை அடுத்துச் செல்லும் சென்னைப் புறவழிச்சாலை, உள்ளூர் மக்களுக்கு நகர நெரிசலிலிருந்து தப்பும் வழியாக மட்டுமே தோன்றினாலும், நாட்டின் சாலை வரைபடத்தில் அதற்குரிய இடம் அதைவிடப் பெரிது. தெற்கே பெருங்களத்தூரில் தொடங்கி வடக்கே புழல் பக்கம் முடியும் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, திருச்சி, பெங்களூர், திருப்பதி, கொல்கத்தா என நான்கு திசைகளுக்குப் பிரியும் தேசிய நெடுஞ்சாலைகளை ஒரே சரத்தில் கோத்துவிடுகிறது. இதன் விளைவாக, அயனம்பாக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு மதுரவாயலில் பெங்களூர்ச் சாலையைப் பிடிக்கும் ஒருவர், வந்த வழியே வண்டியைத் திருப்பவேண்டிய தேவை எங்கும் நேராமல், மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களைக் கடந்து, புழல் வழியாக அதே ஊருக்குள் வந்து சேர முடியும்.

இவ்வாறு சுற்றி வருவதற்குரிய பெரும்பாதை தங்க நாற்கரச் சாலை என்று அழைக்கப்படுகிறது. 1999இல் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அடிக்கல் நாட்டிய இத்திட்டம் 2012 ஜனவரியில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. சென்னை–மும்பை 1,290, மும்பை–தில்லி 1,419, தில்லி–கொல்கத்தா 1,453, கொல்கத்தா–சென்னை 1,684 எனக் கூட்டினால் அதன் மொத்த நீளம் 5,846 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலைகளில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்பதையும், தேநீர், பெட்ரோல், முதுகுவலி ஆகியவற்றுக்கு நிற்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டால், நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் என்பது நிதானமான ஓட்டம். அந்தக் கணக்கில் பன்னிரண்டு நாட்களில் சுற்று முடிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்பதால், வானகரம் சுங்கச்சாவடியில் தொடங்கி நாட்டின் ஒவ்வொரு சாவடியிலும் இடது ஓரத்து ஒடுங்கிய தடத்தில் காசு கொடுக்காமல் கடந்து செல்லலாம். ஆனால் இச்சலுகைக்கு மறுபக்கமும் உண்டு. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறி இறங்கக் கூடியவையாக அமைக்கப்படும் விரைவுச் சாலைகள் பலவற்றில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. மும்பை–புணே விரைவுச் சாலையில் நுழைய முடியாத பயணி கண்டாலா மலைப்பாதையின் பழைய சாலையில் இறங்க வேண்டும். பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் நடுத்தடமும் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து மூடப்பட்டது. விரைவுச் சாலைகள் பெருகப் பெருக, மோட்டார் சைக்கிள் பயணி பழைய சாலைகளுக்கே தள்ளப்படுவார். பழைய சாலைகளில்தான் ஊர்களும் கடைகளும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதால், இந்தத் தண்டனையை வரம் என்று கொள்ளவும் இடமிருக்கிறது.

தங்க நாற்கரத்தை முடித்தவர் நாட்டையே சுற்றிவிட்டதாகக் கூறிக்கொள்வது வழக்கம் எனினும், அக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். இப்பாதை பன்னிரண்டு மாநிலங்களையும் தில்லியையும் தொடுகிறது. அவற்றுள் ஆந்திரத்தின் பங்கு மட்டும் 1,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கேரளம், பஞ்சாப், அசாம் முதலிய மாநிலங்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. நாற்கரத்தின் நடுவயிற்றில் கிடக்கும் மத்தியப் பிரதேசத்தைக்கூட அது தொடவில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, கும்மிடிப்பூண்டியிலிருந்து காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரையிலான வடக்கு விளிம்பே அதன் எல்லையாதலால், மதுரையையோ திருநெல்வேலியையோ காணாமலே ஒருவர் இந்தியாவைச் சுற்றியவர் ஆகிவிடுகிறார்.

எனவே பயணிகளில் ஒரு சாரார், நாட்டின் நான்கு முனைகளையும் தொடும் வெளிவட்டத்தையே உண்மையான சுற்றாகக் கருதுகின்றனர். புறவழிச்சாலையின் தென்முனையில் இறங்கிக் கன்னியாகுமரிக்குச் சென்று, அங்கிருந்து மேற்குக் கரையோரமாகப் பன்வேல் வரை ஏறும் 66ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, கட்ச் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள கோட்டேசுவரம், பாலைவன நகரமான ஜெய்சல்மேர், அமிர்தசரஸ், ஸ்ரீநகர், லே, மணாலி எனத் தொட்டு, கங்கைச் சமவெளி வழியாக வடகிழக்கு மாநிலங்களை அடைந்து, கிழக்குக் கரையோரமாகத் திரும்புவது இதன் பொதுவான வடிவம். தோராயமாகக் கணக்கிட்டால் இது 12,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை நீளும். இந்த வட்டம் ஓரிடத்தில் வட்டமாக இருப்பதில்லை. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையே, குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள சிலிகுரிக் கழுத்து வழியாகத்தான் வடகிழக்குக்குள் செல்லவும் அங்கிருந்து வெளியேறவும் முடியும். ஆகவே போன வழியே திரும்பும் ஒரு காம்பு இந்தப் பூவுக்கு உண்டு. ஐஸ்லாந்தின் வட்டச்சாலை 1,322 கிலோமீட்டரில் அந்நாட்டையே சுற்றி முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் முதலாம் எண் நெடுஞ்சாலை சுமார் 14,500 கிலோமீட்டர் ஓடி அக்கண்டத்தைக் கரையோரமாகவே வளைக்கிறது. அங்கெல்லாம் வட்டத்தைச் சாலையே வரைந்து தருகிறது. இங்கு பயணியே பல சாலைகளை ஒட்டுப்போட்டு அதை வரைய வேண்டியிருக்கிறது.

அந்த ஒட்டுவேலைக்கு உதவும் ஓர் ஒழுங்கு 2010இல் ஏற்பட்டது. அவ்வாண்டு தேசிய நெடுஞ்சாலைகள் புதிதாக எண்ணிடப்பட்டபோது, வடக்கு–தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்களும், கிழக்கு–மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண்களும் வழங்கப்பட்டன. இரட்டைப்படை எண் கிழக்கிலிருந்து மேற்காகவும், ஒற்றைப்படை எண் வடக்கிலிருந்து தெற்காகவும் கூடிச் செல்லும். கிழக்குக் கரையில் 16, நாட்டின் முதுகெலும்பாக ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் 44, மேற்குக் கரையில் 66 என்று வரிசையாக அமைந்திருப்பதை நினைவில் வைத்தவர், கைப்பேசி வரைபடம் கைவிட்ட இடத்திலும் மைல்கல்லைப் பார்த்துத் தாம் நாட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொள்ளலாம். இந்தத் திறமைக்குத் தேவை ஏற்படும் இடங்களும் உண்டு. பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண சிம் அட்டைகள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை.

வண்டியைப் பற்றிய பேச்சு சென்னையில் தொடங்கினால் திருவொற்றியூரைத் தொடாமல் முடியாது. 1932இல் இங்கிலாந்தில் அறிமுகமான புல்லட் மோட்டார் சைக்கிளை இந்திய இராணுவம் எல்லை ரோந்துக்காகத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவி, திருவொற்றியூரில் அவ்வண்டியைத் தயாரிக்கத் தொடங்கின. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர்க் கிளை தொடர்ந்து உயிர்த்திருந்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் பெரிய ஆலைகள் இயங்குகின்றன. எல்லைக் காவலுக்காக வந்த வண்டி எல்லையைப் பார்க்கப் போகிறவர்களின் வண்டியாக மாறியதற்கு, நிதானமாக இழுக்கும் அதன் ஒற்றை உருளை இயந்திரமும், எந்த ஊரிலும் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் கிடைப்பார் என்ற நம்பிக்கையும் காரணங்கள். ஆயினும் சுற்றுப்பயணத்துக்குப் பெரிய வண்டிதான் வேண்டும் என்பது மெய்யன்று. சட்டம் அனுமதிக்கும் வேகத்தை 150 சிசி வண்டியும் எட்டும்.

நெடும்பயணத்தில் பழுதாவது பெரும்பாலும் இயந்திரமன்று, சின்னஞ்சிறு பொருள்களே. தூசியிலும் மழையிலும் உலர்ந்துபோகும் செயினுக்குச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். கிளட்ச் கேபிள் அறுந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும் என்பதால், அனுபவசாலிகள் மாற்றுக் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே கட்டி வைத்துவிடுகிறார்கள். கம்பிச் சக்கரங்கள் பெரும்பாலும் டியூப் உள்ள டயரோடு வருவன. ஆணி ஏறினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். டியூப் இல்லாத டயரில் துளையை வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். மலையேறும்போது வேறொரு சிக்கல் எழுகிறது: கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகள், போதிய காற்றின்றிப் பெட்ரோல் மிகுந்து திணறும். பெட்ரோலின் அளவை உணரிகளின் துணையால் தானே திருத்திக்கொள்ளும் உட்செலுத்து முறை, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகைவிதிகள் வந்த பின் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் வந்துவிட்டது. மனித நுரையீரலுக்கு அத்தகைய திருத்தம் எதுவும் வரவில்லை. லேயில் இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே மேலே ஏற வேண்டும். மணாலி–லே சாலையில் தண்டி என்னுமிடத்துப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. கார்துங் லா கணவாயின் பழைய பலகை தன் உயரத்தை 18,380 அடி என்று கூற, பிற்காலத் துல்லிய அளவீடுகள் 17,582 அடி என்றே காட்டின. எனினும் பலகையோடு படம் எடுத்துக்கொள்வோரின் கூட்டம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

அனுமதிச்சீட்டு மற்றொரு தடை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள் பிற மாநில இந்தியர் நுழைய உள்கோட்டு அனுமதி பெற வேண்டும். 1873இல் ஆங்கிலேயர் இயற்றிய வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டமே இதன் வேர். தேயிலை, யானை வணிகங்களை ஒழுங்குபடுத்தப் போட்ட கோடு, இன்று பழங்குடி மக்களின் நிலத்தையும் வாழ்வையும் காக்கும் வேலியாகப் பொருள் மாறி நிற்கிறது. மணிப்பூருக்கு அது 2019 டிசம்பரில்தான் நீட்டிக்கப்பட்டது.

இவையனைத்தையும்விடப் பயணியை ஆள்வது நாட்காட்டிதான். இந்தியா முழுவதும் ஒருசேர இனிதாக இருக்கும் மாதம் என்று எதுவும் இல்லை. மே மாதத்தில் புறப்பட்டால் ராஜஸ்தானில் அனல் காற்று. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையையும் வடகிழக்கையும் செப்டம்பர் வரை நனைத்துக்கொண்டே இருக்கும். லடாக்கின் உயர்ந்த கணவாய்கள் குளிர்காலம் முழுதும் பனியில் மூடிக்கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியின் மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நிற்கும் லாரியும் தெரியாது. இந்தக் கண்ணிகளுக்கிடையே நுழைந்து செல்ல ஏற்ற ஒரு பாதை, ஆகஸ்ட் பிற்பகுதியில் புறப்பட்டு வலமாகச் சுற்றுவது. கோயிலில் தெய்வத்தை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதுபோல், நாட்டின் நடுப்பகுதியை வலப்புறம் வைத்துச் செல்லும் இந்தச் சுற்றில், மேற்குக் கரையில் தளர்ந்துவரும் மழையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறையின் கணக்குப்படி ராஜஸ்தானிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் சராசரி நாள் செப்டம்பர் 17. பயணி அதற்குப் பின் அங்கு சேர்ந்து, மாத இறுதியில் பனிக்கு முன் லடாக்கைக் கடந்து, அக்டோபரில் தெளிந்த சமவெளியில் இறங்கி, மழை விட்ட வடகிழக்கில் நவம்பரைக் கழிக்கலாம். பருவமழையும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவே பின்வாங்குகிறது என்பதால், இந்த அட்டவணையில் செல்பவர் அதன் முதுகைப் பார்த்தபடியே நாட்டைக் கடக்கிறார்.

இதற்கு மூன்று மாதத்துக்கு மேல் விடுப்பு வேண்டும் என்பதே பலரையும் தங்க நாற்கரத்தோடு நிறுத்திவிடுகிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டுவோருக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்க அயர்ன் பட் சங்கத்தின் வழியைப் பின்பற்றி, நாற்கரத்தைச் சில நாட்களில் முடிக்க விரைவோரும் உள்ளனர். உடல் உறுதியின் அளவுகோலாக அதை மதிக்கலாம். நாட்டைக் கண்டதற்கு அது சான்றாகாது. மறுமுனையில், கௌரவ் சித்தார்த் என்ற இந்தியர் 2015 செப்டம்பரிலிருந்து 2017 ஏப்ரல் வரை இந்தியாவுக்குள்ளேயே 1,15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஒரே நாட்டுக்குள் நிகழ்ந்த மிக நீண்ட மோட்டார் சைக்கிள் பயணத்துக்கான கின்னஸ் சாதனையைப் பெற்றார். ஏறத்தாழ இருபது நாற்கரங்களுக்குச் சமமான அத்தூரத்தை நாட்கணக்கால் வகுத்தால், நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் அளவே வருகிறது.

அயனம் என்ற சொல்லுக்குச் செலவு, வழி என்று பொருள். கதிரவனின் வடசெலவு உத்தராயணம், தென்செலவு தட்சிணாயனம். அயனம்பாக்கத்தின் பெயர்வேர் எதுவாயினும், ஆகஸ்டில் அங்கிருந்து புறப்பட்டவர் திரும்பும் டிசம்பர், தட்சிணாயனத்தின் கடைசிக் கட்டம். வங்கக் கடலின் அக்டோபர், நவம்பர் புயல்களுக்கு வழிவிட்டு, புவனேசுவரம், விசாகப்பட்டினம், நெல்லூர் எனக் கிழக்குக் கரையோரம் இறங்கிவரும் அவருக்கு, தடாவில் தமிழ்நாட்டு எல்லை வருகிறது. பிறகு கும்மிடிப்பூண்டி, செங்குன்றம், புழல், புறவழிச்சாலை. வடகிழக்குப் பருவமழை அவருக்கு முன்பே ஊர் வந்திருக்கும். அவ்வாண்டு அது பொய்க்காதிருந்தால் அயனம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கும்.