பானையோட்டுக்கு ஓவியர் எதற்கு?

அகழாய்வில் கிடைக்கும் பானையோட்டைக் கைப்பேசியில் நொடியில் படம் பிடித்துவிடலாம். ஆனாலும் அகழாய்வு அறிக்கைக்கு இன்றும் வரைவாளர் தேவைப்படுகிறார். ஒளிப்படம் ஓட்டின் மேற்பரப்பைக் காட்டும். அதன் தடிமனையும் முழுப் பானையின் வடிவத்தையும் காட்டாது.

கையளவு ஓட்டிலிருந்து பானையின் வாயளவை எப்படி அறிவது? ஒரே மையம் கொண்ட பல வட்டங்கள் வரைந்த தாளின்மேல் விளிம்பு ஓட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். எந்த வட்டத்தோடு விளிம்பு பொருந்துகிறதோ அதுவே பானையின் வாய். ஆரம் 12 செ.மீ. எனில் விட்டம் 24 செ.மீ. பிறகு நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அதன் ஒருபுறம் குறுக்குவெட்டுத் தோற்றம், மறுபுறம் வெளித்தோற்றம். கிடைக்காத பகுதியை விட்டுவிடுவார்கள் அல்லது விடுகோட்டால் காட்டுவார்கள். பக்கத்தில் அளவுகோல் கட்டாயம்.

இந்த வரைமுறை பல நாடுகளுக்கும் பொது என்பதால், ஓரிடத்தில் வரைந்ததை வேறிடத்து ஆய்வாளர் படிக்க முடிகிறது. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்குக் கிடைத்த மட்கலங்களின் படங்கள் வகை எண்களுடன் 1946இல் வெளியாயின. பல ஆண்டுகளுக்குப் பின், இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்னும் ஊரில் கிடைத்த ஓடுகள் சிலவற்றை ஆய்வாளர்கள் 'அரிக்கமேடு வகை 10' என அடையாளம் கண்டனர். கடல் கடந்த பழந்தொடர்புக்கு அவை சான்றாயின.

வரலாற்று வரைபடத்துக்கும் இதே நேர்மை வேண்டும். அசோகரின் கல்வெட்டுகள் கிடைத்த ஊர்கள் உறுதியானவை. அவற்றைக் கொண்டு வரையும் பேரரசின் எல்லை ஊகம். இரண்டையும் ஒரே அழுத்தமான கோட்டில் காட்டினால், மாணவர் ஊகத்தையும் உண்மை என்றே மனப்பாடம் செய்வார்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். உடைந்த மண்சட்டி ஒன்றின் விளிம்புத் துண்டுகளைக் கூர்முனை தேய்த்து, நான்கு குழுக்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் வட்டத்தாளில் வைத்து விட்டத்தைக் கண்டறியட்டும். ஒரே சட்டிக்கு விடைகள் வேறுபட்டால், ஏன் என்று பேசவிடுங்கள். துண்டு சிறிதாகச் சிறிதாகப் பிழை கூடும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். தொல்லியல் இடங்களில் கிடக்கும் ஓடுகளை இதற்காக எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை பாடநூலில் பழங்கால நகரின் படமோ பேரரசின் வரைபடமோ வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் கிடைத்தது எது, ஊகித்தது எது?"