நன்கொடை கட்டணமாகிவிடக் கூடாது

அரசுப் பள்ளிக்கு நிதி திரட்ட முனையும் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் பலவும் ‘தலைக்கு இவ்வளவு’ என்றே தொடங்குகின்றன. தொகைக்கு முன் தேவையை வரையறுப்பதே சரியான முறை. அதற்கு முன்னுதாரணம் நம்மிடமே உண்டு.

காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. பள்ளியின் குறைகள் பட்டியலிடப்பட்டன. ஊரார் மாநாடாகக் கூடினர். நிலம், கட்டடம், இருக்கை, கரும்பலகை என அவரவர்க்கு இயன்றதை வழங்கினர்.

சிறு பீங்கான் தொழிற்கூடங்கள் நிறைந்த விருத்தாசலத்துக்கு இம்முறை நன்கு பொருந்தும். கூட உரிமையாளருக்கு ரொக்கத்தைவிடப் பொருளாகவோ வேலையாகவோ தருவது எளிது. ஆனால், சூளையில் தினக்கூலிக்கு உழைக்கும் தாயிடம் தொகை கேட்டால், அது கட்டணமாகவே அவர் காதில் விழும். கொடுக்க இயலாதவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். பள்ளி இழப்பது பணத்தை அல்ல, ஒரு பெற்றோரை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கும், பாதி இடங்களைப் பெண்களுக்கும் உறுதிசெய்கிறது. பள்ளி பெறும் நிதியின் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமை. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம், முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் உதவ வழி திறந்துள்ளது.

ஆகவே, வசதியுள்ளோரிடம் பொருளைக் கேட்போம். பெற்றோரிடம் மேற்பார்வையைக் கேட்போம். வரவு செலவைப் பள்ளிச் சுவரில் ஒட்டுவோம். கணக்கு தெரிந்த ஊர் மறுமுறையும் கொடுக்கும்.