இரத்தம் ஊறும் இடத்துக்கும் மூப்பு உண்டு

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். தீர்வதை ஈடுகட்டுவது எலும்பு மஜ்ஜை. அங்கே மூல அணுக்கள் உண்டென்பதை 1961-இல் கனடாவில் டில், மக்கல்லக் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளைக் கொண்டு காட்டினர். வேடிக்கை என்னவெனில், இவை பெரும்பாலும் உறங்குகின்றன, உழைப்பதெல்லாம் வாரிசுகளே!

இளமையில் பல்லாயிரம் மூல அணுக்கள் இரத்த உற்பத்தியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 75 வயதைத் தாண்டினாலோ, அதில் 30 முதல் 60 சதவீதத்தைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு அணுக்களின் வம்சமே பிடித்துக்கொள்கிறது என்று 2022-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டனர். பலருக்கு இதனால் தொல்லையில்லை. சிலருக்கு இரத்தப் புற்றுநோய், இருதய நோய் அபாயம் கூடுகிறது.

மஜ்ஜை தானத்துக்கு டாக்டர்கள் இளைஞர்களை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். உடன்பிறந்தார் ஒருவருடையது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஊரிலிருந்து அழைப்பு வந்தால், லீவு கிடைக்குமா என்று மலைக்க வேண்டாம். முதற் பரிசோதனைக்குச் சிறிதளவு இரத்தம் போதும்.