பாரம் தாங்கும் தட்டு

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி செல்லும் நெடுஞ்சாலையில் சற்று நேரம் நின்று பார்த்தால், தோல் தொழிலின் நடமாட்டம் கண்ணுக்குத் தெரியும். ஈரத் தோல் அடுக்கிய வண்டிகளும், பதனிட்ட தோல் கட்டுகளும், பாதரட்சைப் பெட்டிகளும் போய்க்கொண்டே இருக்கும். இவற்றில் எத்தனையோ சிறு ‘பிக்கப்’ லாரிகள் கடன் வாங்கி ஓட்டப்படுபவை. அத்தகைய வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தாலும் மாதத் தவணை காத்திருக்காது. வண்டியைப் படுக்க வைக்கும் காரணங்களுள் முக்கியமான ஒன்று கிளட்ச். ஆகவே, அதைப் பற்றி நம் குடும்பங்களில் எல்லோரும் சிறிது அறிந்திருப்பது நல்லது.

தோல் ஊர்க்காரர்களுக்குக் கிளட்ச் அந்நிய வஸ்து அல்ல. மோட்டாரின் ஆதி நாட்களில், கிளட்சின் உராயும் பாகம் பெரும்பாலும் தோலினாலேயே ஆனது. கூம்பு வடிவான உலோகத்தின் மேல் தோலைப் போர்த்தி, யந்திரத்தின் சுழல் சக்கரக் குழிவில் அழுந்தச் செய்வார்கள். 1906-ல் வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸ் ‘ஸில்வர் கோஸ்ட்’ வண்டியிலும் இத்தகைய கிளட்ச்தான் இருந்தது. தோல் உலர்ந்தால் வண்டி குதிக்கும். எண்ணெய் தடவி அதை இளக்குவார்கள். எண்ணெய் மிஞ்சி வழுக்கினால் முல்தானி மட்டியைத் தூவுவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட கைகளுக்கு இந்த வைத்தியம் புதிதாகவா இருந்திருக்கும்?

இக்காலத்துக் கிளட்சில் தோல் இல்லை, தத்துவம் அதுவே. ஒரு புறம் யந்திரத்தோடு சுழலும் கனத்த சக்கரம். மறு புறம் ஸ்பிரிங் பொருத்திய அழுத்துத் தட்டு. நடுவே உராய்வுப் பூச்சுடைய கிளட்ச் தட்டு. பெடலை மிதித்தால் நடுத்தட்டு விடுபடும். அப்போது கியர் மாற்றலாம். காலை எடுத்தால் அது மீண்டும் இறுகி, யந்திரத்தின் சக்தியைச் சக்கரங்களுக்கு அனுப்பும். முழுதும் விடுபட்டாலும் முழுதும் இறுகினாலும் தேய்மானம் கிடையாது. பாதி பிடித்தும் பாதி விட்டும் நிற்கும் அந்தச் சில விநாடிகளில்தான் தட்டு தேய்கிறது, சூடேறுகிறது.

ஆகையால் பராமரிப்பு என்பது முதலில் காலின் ஒழுக்கமே. ஓடும் வண்டியில் பெடல் மேல் பாதத்தை ஓய்வாக வைத்திருக்கலாகாது. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேனும் நிற்க நேர்ந்தால், அரைக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாமல் கைப்பிரேக்கைப் போட வேண்டும். கம்பியால் இயங்கும் கிளட்சானால், பெடலின் வெற்று அசைவைக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவில் வைக்க வேண்டும். திரவத்தால் இயங்குவதானால், அத்திரவம் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. காலம் தவறாமல் மாற்ற வேண்டும்.

நோயின் அறிகுறிகள் மறைவானவை அல்ல. யந்திரம் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். கருகிய வாசனையும் வரும். பெடலை முழுதும் மிதித்தும் கியர் கரகரவென்றால் தட்டு சரியாக விடுபடவில்லை. மிதிக்கும்போது மட்டும் கீச்சொலி கேட்டால் விடுவிப்புப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

தட்டை மாற்றுவதென்றால், வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பாட்டரியின் இணைப்பை நீக்கி, புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றி, கியர்பெட்டியை ஜாக்கில் தாங்கி இறக்க வேண்டும். கியர்பெட்டியின் பாரம் ஒரு கணமும் தட்டின் மீது தொங்கக் கூடாது. சிக்கனம் என்று தட்டை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம் அல்ல; அழுத்துத் தட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுவது மேல். கியர்பெட்டியை இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சமாகும். எண்ணெய் ஸீல் கசிகிறதா, சுழல் சக்கரத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். புதுத் தட்டைத் திசை தவறாமல் நடுமையம் பிடித்து வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பழைய தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும்; தூசியை ஊதிப் பறக்கவிடுவது நுரையீரலுக்குத் தீங்கு.

கடைசியாக ஒரு நியாயம். தட்டு கெட்டதும், “டிரைவரின் கால்தான் காரணம்” என்று கூலியில் பிடிக்க நினைக்கும் முதலாளிகள் உண்டு. அவர்கள் முதலில் பழைய தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். எண்ணெய் படிந்திருந்தால் குற்றம் ஸீலினுடையது. ஆணித்தலைகள் தெரியும்வரை சமமாகத் தேய்ந்திருந்தால் அது வயதின் வேலை. சுழல் சக்கரத்தில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்புகள் இருந்தாலோ, அது காலின் பிழையாகவும் இருக்கலாம். அளவுக்கு மீறிய பாரமாகவும் இருக்கலாம். 2011-ல் ஒசூரிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்ட் ‘தோஸ்த்’, சுமார் ஒன்றேகால் டன் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. நீரில் ஊறிய தோலின் எடை கண்ணுக்குத் தெரியாது; எடைக்கல்லுக்குத் தெரியும். இரண்டு டன் ஏற்றச் சொன்னவர் யார் என்பதை எடைச் சீட்டு சொல்லும். தட்டையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கூலியைப் பற்றிப் பேசுவதே முறையாகும்.