விளம்பரம் எவ்வளவு தூரம் கேட்கும்?

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் வானொலி விளம்பரம் கேட்டு நம் கடைகளுக்கு ஆட்கள் வருகிறார்கள். "மாவட்டம் முழுவதும் கேட்கும்" என்கிறார்கள். பணம் கட்டுமுன், வானொலி அலை எப்படிப் பயணம் செய்கிறது என்பதை நாம் அறிந்து கொள்வது நலம்.

மத்திய அலை தரையை ஒட்டிச் செல்லும். நிலத்தைவிட உப்புக் கடல்நீரின் மேல் அதற்குத் தேய்மானம் குறைவு. வானில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கு ஒன்று, பகலில் இந்த அலையை உறிஞ்சி விடுகிறது. இரவில் அந்த அடுக்கு மறைவதால், அலை அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பகலில் கேட்காத வெளியூர் நிலையம் இரவில் கேட்பது இதனால்தான். சிற்றலை பகலிலும் இப்படித் திரும்பும். இலங்கை வானொலியை நம் கடைகளில் கேட்டு மகிழ்ந்ததும் இந்த இயற்கையின் உதவியால்தான்.

இப்போது விளம்பரம் அதிகம் வருவது பண்பலையில். இந்தியாவில் இது 1977-ல் சென்னையில் தொடங்கியது. ஒலி தெளிவு, ஆனால் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை ஆகையால் ஓர் எல்லைக்குமேல் அலை தரைக்கு மேலாகச் சென்றுவிடும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் என்றால் அந்த எல்லை சுமார் 40 கிலோமீட்டர். 2000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடைக்கானலிலிருந்து பார்த்தால் சுமார் 180 கிலோமீட்டர். இடையில் மலை நின்றால் அதன் மறைவில் உள்ள ஊருக்குச் சரியாகக் கேட்காது.

கிலோவாட்டைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். தடையில்லாத வெளியிலேயே இரு மடங்கு தூரத்துக்கு அதே வலுவில் அலை சேர, நான்கு மடங்கு சக்தி தேவை. எல்லைக்கு அப்பாலோ, சக்தியைக் கூட்டுவதால் பெரும்பலன் இல்லை. கோபுரத்தின் உயரமே முக்கியம்.

ஆகவே கோபுரம் எங்கே உள்ளது, உயரம் என்ன, நம் வாடிக்கையாளர் எந்தெந்த ஊரார் என்று பாருங்கள். சரக்கு எடுக்க வரும் கிராமத்துக் கடைக்காரரிடம், அந்த நிலையம் தம் ஊரில் கேட்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாதிரி பார்க்காமல் மூட்டை எடுப்பதில்லை நாம். விளம்பரத்துக்கும் அதே வழக்கம் இருக்கட்டும்.